ஒரே கிண்ணத்தில் கழுவிய காதுக்கற்கள்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே எங்கள் மூன்று பேருக்கும் காய்ச்சல் தலைவலி என்று ஒன்றும் இல்லை, அங்கே உனக்கும் அப்படியே இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும், கண் சிவக்கச் சிவக்க வேலை பார்க்கக் கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டுதான் இதைச் சொல்ல உட்கார்ந்தேன். போனில் பேசினால் போதாதா என்று நீ கேட்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ ஐந்து தடவை சரிம்மா சரிம்மா என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதமென்றால் கடைசி வரை கேட்டுத்தான் ஆக வேண்டும். அதுவும் இது தபாலில் வரவில்லை, மீன் காதுக்கல் பெட்டிக்குள்ளேயே நேராக உன் மேஜைக்கு வருகிறது. நாளைக் காலை ஏழு மணிக்கு மீன் அளவுக்காரர் வேனோடு வந்து பெட்டியை ஒட்டி எடுத்துக்கொண்டு போகிறார், ஒரு கடிதம் வைக்கட்டுமா என்று கேட்டேன், தாராளமாக வையுங்கள், அதில் என்ன எடை கூடிவிடப் போகிறது என்று சொல்லிவிட்டார்.

அப்பா படகோடு பழுது பார்க்கும் இடத்துக்குப் போயிருக்கிறார், திரும்ப இரண்டு வாரம் ஆகும். இருபத்தைந்து வருஷம் என்ஜின் அறையில் கிடந்த காது, எப்போது வருவீர்கள் என்று போனில் கத்தினால் ஒன்றும் கேட்கவில்லை என்கிறார், புதுச் சட்டை வாங்கி வைத்திருக்கிறேன் என்று மெதுவாகச் சொன்னால் என்ன நிறம் என்று கேட்கிறார். உன் தங்கை விறுவிறுவென்று வளர்கிறாள், பள்ளிக்கூடச் சீருடையின் மடிப்பைப் பிரித்துவிட்டும் போதவில்லை. இரண்டு நாளாகச் சாப்பாட்டைக் கிளறிக் கிளறி வைத்துவிட்டு எழுந்து போகிறாள், பரீட்சை பயமாக இருக்கும், இதை எழுதச் சொன்னதற்கு இப்போது என்னை முறைக்கிறாள். என் விரலைப் பற்றி நீ கேட்பாய். பரவாயில்லை என்று சொன்னால் நம்ப மாட்டாய், அதனால் உள்ளதைச் சொல்கிறேன், காலையில் கத்தி பிடிக்க முடிகிறது, மத்தியானத்துக்கு மேல் சுண்டுவிரலும் மோதிர விரலும் என்னுடையவை மாதிரியே இல்லை. பதினெட்டு வருஷம் ஐஸ் தண்ணீரில் கிடந்த கை, வேறெப்படி இருக்கும்.

மீன் பிடிக்கக் கூடாது என்று மொட்டையை மூடின நாளிலிருந்து தொழிற்சாலையில் தோல் உரிக்கும் மெஷினெல்லாம் பிளாஸ்டிக் போர்த்திக்கொண்டு நிற்கிறது, நாற்பது பேர் நின்ற இடத்தில் ஆறு பேர் நிற்கிறோம். அந்தக் கடலடி மலைக்கு மொட்டை என்று பெயர் வைத்ததே உன் அப்பாவின் கூட்டாளிகள்தானே, வலையை இழுத்து இழுத்து அதன் தலையில் இருந்த பவளத்தையெல்லாம் மழித்ததும் அவர்கள்தானே, அதைச் சொன்னால் மட்டும் அவருக்கு நன்றாகக் காது கேட்கிறது. பதினொரு வருஷம் கழித்துப் போன வாரம் ஒரே ஒரு படகுக்கு அனுமதி கொடுத்து அங்கே சோதனை வலை இறக்கினார்கள். கிழவன் மீனை இத்தனை வருஷம் கழித்துப் பார்த்ததும் எனக்கு என்னவோ சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. ஒரு கிலோமீட்டர் ஆழத்து இருட்டிலிருந்து வருகிற மீன், செங்கல் நிறமும் கண்ணுக்குக் கண்ணாடி போட்ட மாதிரி முழியும், தலை பூராவும் எலும்பும் பள்ளமும். மூன்று நாளில் முந்நூறு மீன். அளவுக்காரர் நீளமும் எடையும் ஆணா பெண்ணா என்பதும் சொல்லச் சொல்ல உறையில் எழுதி, மண்டையைத் திறந்து, இரண்டு காதுக்கல்லையும் எடுத்துத் துடைத்து, அந்த மீனுக்குரிய உறையில் போட வேண்டும், கல்லில் வளையம் எண்ணி வயது சொல்வது உங்கள் வேலை. எல்லாவற்றையும் நானே வெட்டினேன், நானே எடுத்தேன், நானே துடைத்தேன், நானே உறையில் இட்டேன் என்று படிவத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று. பெட்டி சுத்தமாகப் போய்ச் சேர்ந்தால் இன்னும் இரண்டு வருஷம் இந்த வேலை எனக்குத்தான் என்று அளவுக்காரர் சொல்லியிருக்கிறார். தொழிற்சாலையை நம்பி இனி இருக்க முடியாது, எனக்கு இருக்கிற பிடி இது ஒன்றுதான். உன் அதிகாரி கேட்டால் எங்கம்மா செய்தது என்று சொல்லித் தொலைக்காதே, துறைமுகத்தில் கைத்திறமை உள்ள ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லு, போதும்.

அளந்து முடித்த மீனில் எங்களுக்கு இரண்டு கொடுத்தார்கள். வெள்ளைச் சதை, வாடையே இல்லை, பாலில் வேகவைத்த மாதிரி இருந்தது, நல்ல புரதம். உன் பங்கை ஐஸ் பெட்டியில் வைத்து இதே வேனில் அனுப்புகிறேன். ஆனால் உன் வீட்டுக்கார அம்மாவின் மகள் மாசமாக இருக்கிறாள் என்று எழுதியிருந்தாயே, ஆசையாகக் கேட்டாலும் அவளுக்குக் கொடுக்காதே. நூறு வருஷம் உயிரோடிருந்து மற்ற மீனையெல்லாம் தின்று சேர்த்த பாதரசம் அதன் உடம்பில் இருக்கும், வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, அவளுக்குச் சின்னச் சின்ன மீனாக வாங்கிக் கொடுக்கச் சொல்லு. உன் அறைத் தோழிக்கும் மறுபடி ஒரு தடவை சொல்லு, தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பு நெய் இல்லை, மெழுகு, அதை ஆழமாகச் சீவி எறிந்துவிட்டுத்தான் சமைக்க வேண்டும். போன தடவை வேறு கடலிலிருந்து உங்கள் சந்தைக்கு வந்ததை, சொன்னதைக் கேட்காமல் தோலோடு மொறுமொறுவென்று வறுத்துத் தின்றுவிட்டு, மறுநாள் முழுக்கக் கழிவறையைக் குத்தகைக்கு எடுத்தவள்தானே.

அக்கா, இனி எழுதுவது நான். அம்மா கடிதத்தை ஒட்டாதே, காலையில் ஏதாவது ஞாபகம் வந்தால் சேர்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். நான் சமையலறை விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு எழுதுகிறேன், பெட்டி எனக்கு எதிரில் இருக்கிறது, உள்ளே அம்மா புரண்டு படுத்தாலே பேனாவை மூடிவிடுகிறேன். தனியாகக் கடிதம் எழுதி எனக்குப் பழக்கம் இல்லை, அம்மா சொல்வதை எழுதித்தான் பழக்கம், அதனால் நீ நன்றாக இருக்கிறாயா என்று இன்னொரு தடவை கேட்டுக்கொள்கிறேன். சாப்பாடு இறங்காததற்குக் காரணம் பரீட்சை இல்லை. படிவத்தில் நானே நானே என்று நாலு இடத்தில் இருக்கிறதே, அது உண்மை இல்லை. இரண்டாம் நாள் கல்லைத் துடைத்ததும் உறையில் போட்டதும் நான்தான். அதைத் தப்பாகச் செய்துவிட்டேன்.

அன்றைக்கு மீன் வந்ததே தாமதம். நான் பள்ளிக்கூடம் விட்டுப் போனபோது அம்மா விரலை அக்குளில் வைத்துச் சூடு பண்ணிக்கொண்டு நின்றாள், அளவுக்காரர் அடுத்தது அடுத்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். துடைக்க நேரம் இல்லாமல் கல்லை ஈரமும் கொழகொழப்புமாக அப்படியே உறையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தோம், சாப்பிட்டுவிட்டுத் துடைக்கலாம் என்றாள், சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து மேஜையிலேயே தலையை வைத்துத் தூங்கிவிட்டாள். சரி நாமே முடித்து வைப்போம் என்று நினைத்தேன். அது மட்டும் இல்லை அக்கா, பொய் சொல்லக் கூடாது, போன கடிதத்தில் நீ வேறு ஒரு துறைமுகத்துப் பெட்டியைப் பற்றி எழுதியிருந்தாய், திறந்தால் கல்லெல்லாம் முத்து மாதிரி இருக்கிறது என்று. முன்பு வேறு மீனுக்கு அனுப்பின நம் பெட்டியைப் பற்றி ஒரு வரி இல்லை. இந்தத் தடவை நம்முடையதைப் பார்த்து நீ எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

முதல் இருபது உறையை ஒழுங்காகத்தான் செய்தேன், ஒன்றைத் திறந்து துடைத்துக் காய வைத்து அதே உறையில் போட்டு அடுத்ததை எடுத்தேன். மணி ஆகிக்கொண்டே போனது. கடைசி நாற்பத்திரண்டு உறை, 121 முதல் 162 வரை, எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் கொட்டித் தண்ணீர் ஊற்றி, டீ வடிகட்டியில் போட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன். பளபளவென்று ஆகிவிட்டது, எண்பத்து நான்கு கல்லும் நகம் நகமாக மின்னியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் நாற்பத்திரண்டு காலி உறை வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. எந்தக் கல் எந்த மீனுடையது என்று யாருக்குத் தெரியும்.

எனக்கு அழுகை வரவில்லை, அதற்குப் பதிலாக ஒரு யோசனை வந்தது, அதுதான் இதில் மோசம். முதலில் இடது வலது பார்த்துத் தோடு மாதிரி ஜோடி சேர்த்தேன், அது சரியாகவே வந்தது. பிறகு பெரிய ஜோடியை உறையில் அதிக நீளம் எழுதியிருந்த மீனுக்கும், அதைவிடச் சின்னதை அடுத்த மீனுக்கும், இப்படியே வரிசையாகப் போட்டு முடித்துவிட்டேன். பெரிய மீனுக்குப் பெரிய கல்தானே இருக்கும் என்று நினைத்தேன். அம்மா விழித்துப் பார்த்து அடடா எல்லாம் முடிந்துவிட்டதா, என் தங்கமே என்றாள். ஒவ்வொன்றாகத்தானே துடைத்தாய் என்று கேட்கவே இல்லை, என் மேல் அவ்வளவு நம்பிக்கை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை, அப்போது எனக்கே அது தப்பு என்று தெரியாது.

மறுநாள் பள்ளிக்கூடக் கண்காட்சிக்குப் படம் வரைய வேண்டும் என்று அலமாரியில் இருந்த உன் பழைய நோட்டை எடுத்தேன். அதில் நீ இரண்டு கிழவன் மீன் வரைந்திருக்கிறாய், இரண்டும் முப்பத்தெட்டு சென்டிமீட்டர், ஒன்றுக்கு வயது நாற்பத்தொன்று, இன்னொன்றுக்கு நூற்றுப் பதினேழு. முப்பது வயது வரை இந்த மீன் மெதுவாக வளரும், முட்டையிடும் வயது வந்ததும் நீளம் அநேகமாக நின்றுவிடும், கல் மட்டும் வருஷத்துக்கு ஒரு வளையமாகத் தடித்துக்கொண்டே போகும் என்று கீழே எழுதியிருக்கிறாய். நீளத்தைப் பார்த்து வயது சொல்ல முடியுமானால் சின்னதைத் தண்ணீரில் விட்டுப் பெரியதை மட்டும் பிடிக்கலாம், இந்த மீனில் அது முடியாது, அதனால்தான் எல்லோரும் கல்லுக்காகக் காத்திருக்கிறோம் என்றும் எழுதியிருக்கிறாய். அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். நான் என் கையாலேயே நாற்பத்திரண்டு மீனுக்கு வயது கொடுத்திருக்கிறேன், நீளமானதெல்லாம் கிழடு, குட்டையானதெல்லாம் குஞ்சு என்று பள்ளிக்கூட வரிசை மாதிரி. அதை நம்பி மொட்டையைத் திறந்துவிட்டால் அவை முட்டையிடக் கூட்டமாக வருகிற சமயத்தில் வலை இறக்குவார்கள், ஒரே இழுப்பில் எத்தனை வருஷத்து மீன் மேலே வரும், அதே அளவு மறுபடி உண்டாக எத்தனை வருஷம் ஆகும் என்று உன் நோட்டிலேயே இருக்கிறது. நம்பாமல் யாராவது கண்டுபிடித்தால், துறைமுகத்துக்காரி கல்லைத் திருத்திவிட்டாள் என்று அம்மாவைத்தான் சொல்வார்கள். கையெழுத்து அவளுடையது.

இரண்டு நாளாகச் சொல்லலாம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஒவ்வொரு தடவையும் அம்மா பெட்டியைத் துடைத்துக்கொண்டோ, இரண்டு வருஷத்துக்குக் கவலை இல்லை என்று யாரிடமாவது போனில் சொல்லிக்கொண்டோ இருந்தாள். அதனால் உனக்கு மட்டும் ஒரு துண்டுக் காகிதம் எழுதிப் பெட்டியின் அடியில் கடைசி உறைக்குக் கீழே ஒளித்து வைப்பதாக இருந்தேன். எழுதியும் விட்டேன். 121 முதல் 162 வரை நீ எண்ணாதே, மைக்ராஸ்கோப் பக்கத்தில் வைத்திருந்தேன், கை பட்டுக் கொட்டிவிட்டது என்று சொல்லிவிடு, யாருக்கும் தெரியாது என்று எழுதினேன். பிறகு அதைப் படித்துப் பார்த்தேன். உன் அறையில் ஒருவர் எண்ணினதை இன்னொருவர் பார்க்காமல் மறுபடி எண்ணுவார், ஒரு வளையத்தைக்கூட யாரும் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்று நீ எத்தனை பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். நான் உன்னைப் போய்ப் பொய் சொல்லச் சொல்கிறேன். அந்தப் பொய்யைச் சொன்னால் உன் வேலைக்கு ஆபத்து, சொல்லாவிட்டால் அம்மாவை நீயே மாட்டிவிட வேண்டும். இந்த இரண்டையும் உன் தலையில் கட்டிவிட்டு நான் மட்டும் போர்த்திக்கொண்டு தூங்கலாம் என்று பார்த்தேன். அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டேன்.

அதனால் இந்தக் கடிதத்தைப் பெட்டியின் மேலே, படிவத்துக்கும் மேலே வைக்கப் போகிறேன். ஒட்டுவதற்கு முன்னால் அளவுக்காரர் திறந்து பார்ப்பார், முதலில் இதைத்தான் படிப்பார். ஆனால் அவர் படிப்பதற்கு முன்னால் அம்மா படிக்க வேண்டும். நான் போய் அம்மாவை எழுப்பப் போகிறேன் அக்கா. எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. அப்பாவாவது இங்கே இருந்திருக்கலாம்.

எழுப்பிவிட்டேன். வீட்டுக்குள் யாரோ வந்துவிட்டார்கள் என்று நினைத்து முதலில் செருப்பைத் தேடினாள். கடிதத்தைக் கையில் கொடுத்தேன், மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளக்கடியில் நின்றே படித்தாள், கிண்ணம் வந்த இடத்தில் நிறுத்திவிட்டு, வெந்நீரா பச்சைத் தண்ணியா என்று கேட்டாள். பச்சைத் தண்ணி என்றேன். சோப்புப் போட்டியா என்றாள். இல்லை என்றேன். கல்லு தப்பிச்சுது, நீதான் தப்பிக்கல என்று சொல்லி என் காதைப் பிடித்தாள், நன்றாக ஒரு திருகு திருகினாள், வலித்தது. அதற்குப் பிறகு கடைசி வரை படித்தாள். படித்து முடித்து நாற்காலியில் உட்கார்ந்து, முதலிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தாள், அதற்குத் திருகியே இருக்கலாம். நான் அழுதேன். அழுறதுன்னா அந்தப் பக்கம் போய் அழு, உறையெல்லாம் ஊறிடும் என்றாள். நான் அம்மா உன் வேலை என்று ஆரம்பித்தேன். அவள் படிவத்தை எடுத்து விரித்து வைத்தாள். இதோ பாரு, கழுவினது நீ, கையெழுத்துப் போட்டது நான், உன்னுதுக்கு நீ பதில் சொல்லு, என்னுதுக்கு நான் பதில் சொல்லிக்கறேன், உன்னை வச்சு வேலை வாங்கிட்டு நானேன்னு எழுதினேன் பாரு, அது உன் கிண்ணத்துக்கு முன்னாடியே நடந்த தப்பு என்றாள். அப்புறம் பேனாவை ஐந்து விரலாலும் பிடித்துக்கொண்டு, துடைத்தேன், இட்டேன் என்பதற்கு முன்னால் இருந்த இரண்டு நானேயையும் அவளே அடித்தாள். கோடு கோணலாகத்தான் வந்தது. பக்கத்தில் என் மகளும் என்று எழுதச் சொன்னாள், எழுதினேன்.

இப்போது நாற்பத்திரண்டு உறையையும் திறந்து கல்லையெல்லாம் ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டுவிட்டோம். காலி உறைகளை ரப்பர் பட்டை போட்டுத் தனியாகக் கட்டியிருக்கிறோம். இது அம்மாவின் யோசனை. கல்லில் இருக்கிற வயது பொய் இல்லையே, யாருடைய வயது என்பதுதானே தெரியாது, தெரியாததைத் தெரியாது என்றே அனுப்புவோம், அக்காவுக்கு ஏதாவது உபயோகப்படும் என்றாள். இனி அவள் சொல்கிறாள், நான் எழுதுகிறேன்.

மகளே, எல்லாம் படித்திருப்பாய். பதறாதே. இருநூற்று ஐம்பத்தெட்டு மீனுக்கு நான் உத்தரவாதம், அதில் இரண்டாம் நாள் இருபதை உன் தங்கை துடைத்தாள், அதையும் இப்போது ஒவ்வொன்றாக மறுபடி கேட்டுக்கொண்டேன், அவை சரியாக இருக்கின்றன. நீ சந்தேகப்பட்டால் அதையும் ஒதுக்கிவிடு, நான் வருத்தப்பட மாட்டேன். இந்தப் பெட்டியை நீ பிரிக்காதே, செய்தது என் அம்மாவும் தங்கையும் என்று உன் அதிகாரியிடம் முதலிலேயே சொல்லிவிட்டு வேறு ஆளிடம் கொடுத்துவிடு, முன்னால் நான் சொன்னதை மறந்துவிடு. காலையில் அளவுக்காரரிடம் நானே பேசுகிறேன், இவள் பக்கத்தில் நிற்பாள். கோபப்படுவார், படட்டும். இந்த வேலை போனாலும் போகலாம், அது எனக்குத் தெரியாமல் இல்லை, அப்பாவுக்கும் நாளைக்கே சொல்லிவிடுவேன். ஆனால் சும்மா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டுவிட்டு வர மாட்டேன். ஒரு நாளைக்கு நூறு மீனை ஒரு ஆள் வெட்டி எடுத்துத் துடைக்க முடியாது, அடுத்த தடவை நான் செய்தாலும் வேறு எவள் செய்தாலும் துடைக்க ஒரு ஆள் வேண்டும், கையை முக்க ஒரு பாத்திரம் வெந்நீர் வேண்டும் என்று சொல்லப் போகிறேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், முடியாது என்று சொன்னால் வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். இவளுக்கு இருக்கிற பயம் எங்கேயிருந்து வந்தது என்று நினைக்கிறாய், என்னிடமிருந்துதான்.

உனக்குப் பெட்டி கிடைத்ததும் ஒரு வார்த்தை போன் பண்ணு, தங்கையோடு பேசு, திட்டுவதானால் கொஞ்சமாகத் திட்டு, நான் என் பங்கைக் கொடுத்துவிட்டேன். நீ நீண்ட காலம் நோய் நொடி இல்லாமல், யாருக்கும் எதற்கும் ஒளியாமல், உன் வேலையை நிமிர்ந்து செய்து நன்றாக இருக்க வேண்டும். மறக்காதே, புட்டியில் உள்ளதை வயதுக் கணக்கில் வேண்டுமானால் சேர்க்கச் சொல்லு, நீளத்தோடு மட்டும் சேர்க்க விடாதே.

இப்படிக்கு உன் அம்மா.

எழுதியது, கழுவியது: உன் தங்கை.